அம்மாவின் கண்ணில் போட்ட ஒற்றைத் தையல்

நமுனுகுல வழி,
பதுளை.
மார்ச் 17, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகள் ஜீவராணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் இருக்கிற நிலைமைக்கு இருக்கிறோம். நீ அங்கே காய்ச்சல் தடிமன் என்று படுக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழும்பினால் போதும் என்று விளக்கு வைக்கிறபோதெல்லாம் கேட்டுக்கொள்கிறோம். இந்தக் கடிதத்தை ஹாலிஎல மேனுஷா கையில் கொடுத்தனுப்புகிறேன், அவள் லீவு முடிந்து சனிக்கிழமை ஜோர்டானுக்குத் திரும்புகிறாளாம், நீ தைக்கிற கார்மென்ட் ஹொஸ்டலில்தானே இருக்கிறாள். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் சொல்ல வாய் வராத சங்கதி ஒன்று இருக்கிறது. நான் தொண்டையைச் செருமுவதற்குள் நீ "அப்பா சாப்பிட்டீங்களா" என்று கேட்பாய், நான் சாப்பிட்டேன் என்பேன், அம்மா எங்கே என்பாய், படுத்திருக்கிறாள் என்பேன், அதோடு முடிந்துவிடும். ஆறு ஏழு வாரமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுத உட்கார்ந்தால்தான் உண்மை வரும்போல இருக்கிறது.

மற்றச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை விட்டபாடில்லை, மண் சரிந்த இடத்தில் ரோட்டைப் பாதி அடைத்து வைத்திருக்கிறார்கள், பஸ் அந்த வளைவு வரைக்கும்தான் வருகிறது, அங்கிருந்து இறங்கி நடந்து மறுபக்கம் போய் வேறு பஸ் பிடிக்கவேண்டும். உன் தம்பி நிஷாந்த் பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்தான், இரண்டு நாளும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான், போய்விட்டான், பிள்ளை நன்றாக இருக்கிறான். சமையல் இப்போது நான்தான். பருப்பும் சோறும் ஆக்குவேன், கிழங்கு அவிப்பேன், ரொட்டி சுட்டால் அம்மா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு தேத்தண்ணீரில் நனைத்துச் சாப்பிடுகிறாள். தேயிலை ஸ்டோரில் முப்பத்திரண்டு வருஷம் கொழுந்து அரைக்கிற மிஷினோடு மல்லுக்கட்டினேன், அப்போதெல்லாம் இப்படி அலுத்ததில்லை. அறுபத்திமூன்று வயதில் ஒரு மனுஷன் எழுபத்திமூன்று ஆவதற்கு இரண்டு மாதம் போதும் என்று இப்போது தெரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் வலது கண்ணில் வெள்ளை படர்ந்ததை எடுத்து லென்ஸ் வைத்தது உனக்குத் தெரியும், ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று நான் சொன்னதும் நிஜம்தான். சொல்லாமல் விட்டது அதற்குப் பிறகு நடந்தது. பொங்கல் முடிந்த அடுத்த கிழமை செய்தார்கள், பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை, காயத்துக்குத் தையலும் போடவில்லை. தையல் போடாமல் எப்படி என்று நான் கேட்டேன். ஆஸ்பத்திரியில் கண்ணைப் படம் பிடிக்கிற அறையில் றுஸைனா என்று ஒரு பிள்ளை வேலை செய்கிறாள், பதுளை டவுன் பிள்ளை, டொக்டர் சிங்களத்தில் சொல்வதையெல்லாம் எங்களுக்கு அவள்தான் தமிழில் சொல்வாள். அவள் சொன்னாள், கருவிழிக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு தோல் இருக்கிறது, அதில் நேராகக் குத்தாமல் சரிவாக வெட்டித்தான் உள்ளே போவார்கள், வேலை முடிந்ததும் உள்ளே இருக்கிற தண்ணீரே அந்த வெட்டை அமுக்கி மூடிக்கொள்ளும் என்று. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறபோது கிளையைச் சரிவாக வெட்டுகிறோமே, அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். பெரிய டொக்டர் இந்த வெட்டு எப்படி எப்படி ஆறுகிறது என்று படம் எடுத்துச் சேர்த்து வைக்கிறாராம், மறுநாள் ஒன்று, ஒரு கிழமையில் ஒன்று, மாதத்தில் ஒன்று, மூன்றாம் மாதத்தில் ஒன்று. அம்மாவுக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். வலிக்குமா என்றுதான் அம்மா கேட்டாள். "வலிக்காது மாமி, தாடைய இதுல வச்சிட்டு அந்த வெளிச்சத்தப் பாத்தாப் போதும், கண்ணுல ஒன்னும் படாது" என்று றுஸைனா சொன்னாள், அதன் பிறகுதான் ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் எடுத்த படத்தை எனக்கும் காட்டினார்கள். கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வளைவு, அதுதான் அந்தக் கண்ணாடித் தோலைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் எப்படியோ அப்படி. அதன் ஒரு ஓரத்தில் சாய்வாக ஒரு கோடு. வெளிப்பக்கம் ஒட்டிவிட்டது, உள்பக்கம் மட்டும் உதடு பிளந்த மாதிரி கொஞ்சம் வாய் திறந்திருந்தது, அந்த இடத்தில் தோலும் வீங்கி இருந்தது. இது மூடுமா என்று கேட்டேன். பயப்பட வேண்டாம், முதல் நாள் பல பேருக்கு அப்படித்தான் இருக்கும், தானாக மூடும் என்றார் டொக்டர். ஒரு கிழமை கழித்து எடுத்த படத்தில் அந்த வாய் பாதிக்கு மேல் மூடியிருந்தது, வீக்கமும் வடிந்திருந்தது. கண்ணும் நன்றாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா அண்ணாந்து பார்த்து, "என்னங்க இது, கூரையில இம்புட்டு கரி புடிச்சிருக்கு, நான் பாக்கலன்னு சும்மாவே இருந்திட்டீங்களா" என்று ஆரம்பித்தாள். அன்றைக்குக் கேட்ட ஏச்சு எனக்கு இனிப்பாக இருந்தது என்றால் நம்புவாயா. இடது கண் உனக்குத் தெரியும்தானே, வெளிச்சம் இருட்டு தவிர ஒன்றும் தெரியாது. வலது முழுதாக ஆறினால்தான் இடதைச் செய்வோம் என்று சொல்லியிருந்தார்கள். ஆக உன் அம்மாவுக்கு இருந்தது அந்த ஒரு கண்தான்.

தலையைக் குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது, முக்கக்கூடாது, ஒரு மாதத்துக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றவே கூடாது. இதையெல்லாம் நான்தான் ஒரு மட்டையில் பெரிதாக எழுதிக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். கூடையைத் தொடவிடவில்லை, அடுப்பு ஊத விடவில்லை, குனிந்து வாசல் கூட்ட விடவில்லை. பதினோராம் நாள் பேச்சியம்மா செத்துப்போனாள். கீழ் லயத்து வரிசை வீட்டுப் பேச்சியம்மாவைத்தான் சொல்கிறேன், அம்மாவோடு இருபத்தேழு வருஷம் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள், நீ பிறந்தபோது உனக்கு முதல் தண்ணீர் ஊற்றியவள். மலையில் நிற்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம், ரோட்டுக்குக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. இதை உனக்கு நான் சொல்லவில்லை, சொன்னால் அம்மா போனாளா என்று கேட்பாய், அதற்கு நான் பதில் சொல்லவேண்டி வரும்.

போகவேண்டாம் என்று நான் முதலில் சொன்னது உண்மை. ஆனால் போகாமல் இருந்தால் லயத்தில் என்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும். அதோடு அந்தக் கூட்டாளித்தனத்துக்கு எப்படிப் போகாமல் இருப்பது. ஒரு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதே என்று சொல்லி நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் கால் வைத்ததும் பெண்கள் எழுந்து வந்து அம்மாவை இழுத்து நடுவில் போட்டுக்கொண்டார்கள். நம் சாவு வீட்டில் அழுவது எப்படி என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்துக் குனிந்து, ஆடி ஆடி அழுவார்கள், வருகிறவள் ஒவ்வொருத்தியும் அந்த வட்டத்துக்குள் தலையைக் கொடுக்கவேண்டும். நான் வெளியே தகரக் கொட்டிலில் ஆண்களோடு உட்கார்ந்திருந்தேன். உன் அம்மாவின் குரல் எடுத்துக் கேட்டது. பேச்சியம்மா பெயரைச் சொல்லிச் சொல்லி, நிரையைச் சொல்லி, அட்டைக் கடிக்கு எலுமிச்சம்பழம் தேய்த்துவிட்டதைச் சொல்லி அழுகிறாள். பக்கத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எழுந்து போய் அவளை வெளியே கூட்டிவந்திருக்கவேண்டும், பெண்கள் அழுகிற இடத்துக்குள் ஆம்பிளை போகிறதில்லை என்று உட்கார்ந்திருந்தேன். அதுகூட முழு உண்மை இல்லை. என் பெண்சாதி எவ்வளவு நன்றாக அழுகிறாள் என்று எல்லாரும் கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன். கறுப்புக் கண்ணாடி எங்கேயோ விழுந்து மிதிபட்டுப் போனது.

அதைவிடப் பெரிய பிழை அதற்குப் பிறகு. பிரேதம் எடுத்ததும் எல்லாப் பெண்களும் பீலிக் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்கள். அம்மா நம் வாசலுக்கு வந்து, "தலைக்கு ஊத்தக்கூடாதுன்னு சொன்னாங்களே, மஞ்சத் தண்ணி தெளிச்சிட்டு உள்ள வரட்டுமா" என்று என்னிடம் கேட்டாள். நான் மட்டையில் எழுதி மாட்டியவன். நான்தான் சொன்னேன், "சாவு வீட்டுத் தீட்டோட சாமி படம் இருக்கிற காம்பராவுக்குள்ள எப்புடி வருவ, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு ரெண்டு வாளி ஊத்திட்டு வா" என்று. அவளும் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். மலையிலிருந்து வருகிற பீலித் தண்ணீர் என்ன சுத்தம் என்று உனக்குத் தெரியும்தானே, அன்றைக்கு மழையில் செம்மண்ணாக வந்துகொண்டிருந்தது. சொல்லிவிட்டேன் ராணி. இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

அடுத்த நாளே கண்ணில் சுடுதண்ணீர் மாதிரி வடிகிறது என்று தலையணைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள், அழுததால் இருக்கும் என்று என்னிடம் சொன்னாள். மூன்றாம் நாள் காலையில் நான் கொடுத்த தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடிக்கக் கையைப் பக்கத்தில் வேறெங்கோ நீட்டினாள். அப்படியே கூட்டிக்கொண்டு ஓடினேன், அந்த மண் சரிந்த இடத்தில் சேற்றில் அவளைத் தாங்கிப் பிடித்து மறுபக்கம் கொண்டுபோனது எனக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். விறகு முட்டிவிட்டது என்று சொன்னேன், வாய் தானாகச் சொல்லிவிட்டது. றுஸைனா படம் எடுத்தாள். முந்திய இரண்டு படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். எனக்கே தெரிந்தது, மூடிக்கொண்டு வந்த கோடு உள்ளேயிருந்து வெளியே வரைக்கும் பிரிந்து, மேல் உதடும் கீழ் உதடும் ஒன்றைவிட்டு ஒன்று நழுவி நின்றது. கண்ணில் மஞ்சள் சாயம் ஒன்று விட்டுப் பார்த்தார்கள், அந்த வெட்டிலிருந்து உள்தண்ணீர் கசிந்து வருகிறது என்றார்கள். டொக்டர் திரும்பவும் என்னைக் கேட்டார், விறகு கண்ணிலேயே பட்டதா, வேறு என்ன செய்தீர்கள் என்று. அம்மாதான் சொன்னாள், "விறகும் இல்ல ஒன்னும் இல்லங்க, சாவு வீட்ல தலையக் குடுத்து அழுதேன், அப்பறம் பீலியில தலைக்கு ஊத்தினேன்" என்று. ஊற்றச் சொன்னது யார் என்று அவள் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.

டொக்டர் ஏசுவார் என்று நினைத்தேன், அவர் ஏசவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. றுஸைனாவிடம் சொல்லி எங்களுக்குச் சொல்லச் சொன்னார், கண்ணீர் வந்ததால் ஒன்றும் ஆகவில்லை, குனிந்து முக்கி அழுததும் தலை மோதியதும்தான் காயத்தைப் பிரித்திருக்கும், ஆனால் அவருக்கு இப்போது பயம் அதைப்பற்றி இல்லை, திறந்த காயத்துக்குள் அந்தத் தண்ணீரோடு கிருமி போயிருந்தால் கண்ணையே இழக்கவேண்டி வரும் என்று. அன்றைக்கே ஒரு தையல் போட்டார்கள், தலைமயிரைவிட மெல்லிய நூலாம். ஒன்பது நாள் வார்டில் வைத்திருந்தார்கள், மணிக்கு ஒரு தடவை மருந்து விட்டார்கள். நீ அந்த நாட்களில் போன் எடுத்தபோது சிக்னல் இல்லை, வீடியோ வராது என்று நான் சொன்னதெல்லாம் பொய். வார்டு வாசல் படியில் உட்கார்ந்துகொண்டு பேசினேன். கிருமி வரவில்லை, அந்தப் புண்ணியம் யாருடையதோ. வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு நாளைக்கு எட்டு தடவை மருந்து, பிறகு ஆறு, இப்போது நான்கு. நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவித் தோல் உரிந்துவிட்டது. கண் திறந்தால் என்ன தெரிகிறது என்று கேட்டால், புகை மாதிரி இருக்கிறது என்கிறாள். ஆறு வாரமாக அதே புகைதான். நாளைக்குத் தையலைப் பிரித்துவிட்டு நாலாவது படம் எடுக்கப் போகிறார்கள். காயம் பிடித்திருக்கிறதா இல்லையா என்று அதில்தான் தெரியும். பிடிக்காமல் இருந்தால் அடுத்து என்ன என்று டொக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கத் தெம்பு இல்லை. அம்மா இப்போது பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள், யாருக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டாள், உனக்கு என்றேன். எழுதுவதாக இருந்தால் ஒன்றுவிடாமல் எழுதுங்கள், அரைகுறையாக எழுதி அந்தப் பிள்ளையை அங்கே அலையவிடாதீர்கள் என்றாள். மிச்சத்தை நாளை போய்வந்து எழுதுகிறேன்.

வியாழக்கிழமை. நேற்றே எழுத நினைத்தேன், வந்து விழுந்தவன் எழும்பவில்லை. நல்ல சேதிதான், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு படிக்காதே. தையலைப் பிரிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அம்மா என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்த இடம் இன்னும் சிவந்திருக்கிறது. மஞ்சள் சாயம் விட்டுப் பார்த்தார்கள், கசிவு இல்லை. பிறகு றுஸைனா படம் எடுத்தாள், எடுத்துவிட்டு அவள் டொக்டரைக் கூப்பிடப் போனாள், அந்த ஐந்து நிமிஷம் எனக்கு எப்படிப் போனது என்று எழுதமுடியாது. அவர் வந்து நான்கு படத்தையும் வரிசையாக வைத்துக் காட்டினார். இரண்டு உதடும் ஒன்றோடு ஒன்று பொருந்திவிட்டது, உள்வாய் மூடிவிட்டது, சாய்வான கோடு மட்டும் மெல்லிய வெள்ளைத் தழும்பாகத் தெரிகிறது, வீக்கமும் முக்கால்வாசி போய்விட்டது. தழும்பு இருக்கும், அது இருந்துவிட்டுப் போகட்டும், அது பார்வையை மறைக்கிற இடத்தில் இல்லை என்றார். எழுத்துப் பலகையில் அம்மா கீழேயிருந்து மூன்றாவது வரி வரைக்கும் சொன்னாள். புகை என்று சொன்னது வீக்கமும் தையல் இழுத்ததும்தானாம். இடது கண்ணுக்கு வைகாசி போல வரச் சொன்னார்கள். வருகிற வழியில் மண் சரிந்த இடத்தில் அவள் என் கையை விட்டுவிட்டுத் தானே நடந்தாள், நான்தான் சேற்றில் வழுக்கினேன்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்ததும் என் போனைக் கேட்டாள். தீபாவளியிலிருந்து நீ அனுப்பிய போட்டோ எதையும் அவள் பார்த்ததில்லை, அப்போது கண் தெரியாது, நான்தான் ஒவ்வொன்றையும் பார்த்து அவளுக்குச் சொல்வேன், பச்சைச் சுடிதார் போட்டிருக்கிறாள், சிரிக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று. ஒப்பரேஷனுக்குப் பிறகும் போனைப் பார்த்துக் கண்ணைக் களைக்கவைக்கவேண்டாம் என்று நான் கொடுக்கவில்லை. நேற்று வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஆறு போட்டோவையும் பார்த்தாள். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஏங்க, இவ எந்தப் போட்டோவுலயும் எடது கையக் காட்டவே இல்லியே" என்று கேட்டாள். நான் வாங்கிப் பார்த்தேன் மகளே. ஒன்றில் கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறாய், ஒன்றில் சால்வைக்குள், ஒன்றில் கூட்டாளிப் பிள்ளையின் தோளுக்குப் பின்னால், பிறந்தநாள் கேக்கைக்கூட ஒற்றைக் கையால்தான் வெட்டுகிறாய். இரண்டு கண்ணும் நல்லா இருக்கிற நான் ஐந்து மாதமாகப் பார்த்த போட்டோ. நன்றாக இருக்கிறாள் என்று சொன்னவன் நான்தான்.

தையல் மிஷினில் வேலை செய்கிற பிள்ளையின் கைக்கு என்ன ஆகும் என்று மிஷினோடு இருந்தவன் எனக்குத் தெரியாதா. அம்மா நேற்றிலிருந்து அழவில்லை, கண்ணுக்குக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், சோறு இறங்கவில்லை. நாங்கள் உன்னிடம் ஒளித்ததை ஒன்றுவிடாமல் எழுதிவிட்டேன், என் பிழையையும் எழுதிவிட்டேன். அந்தக் கைக்கு என்ன நடந்தது, எத்தனை விரல், மருந்து போட்டார்களா, இன்னும் வேலை வாங்குகிறார்களா என்று நீ எழுது. திரும்பி வந்துவிடவேண்டும் என்று தோன்றினால் எதையும் யோசிக்காமல் வந்துவிடு, இங்கே ரொட்டியாவது சுடுகிறேன்.

நம் மாரியம்மா உன் கால் கையெல்லாம் காத்து உனக்கு நீண்ட ஆயுள் தரட்டும். அங்கே குளிர் இன்னும் இருக்குமாம், காலுக்கு உறை போடாமல் தூங்காதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் வீடியோவில் எடு, இங்கே சிக்னல் நன்றாகவே இருக்கிறது. அம்மாதான் போனைப் பிடிப்பாள். முகத்தோடு நிறுத்தாமல் கையையும் காட்டு.

உன் மேல் உயிராக இருக்கும்,
அப்பா
முருகையா